சிகிச்சை முடிந்த இடத்திலிருந்து: முதுமையில் பார்வை இழக்கும் பெற்றோருக்கான துணை

தமிழ்நாட்டில் கண்ணுக்கான பணி இரண்டு தடங்களில் வளர்ந்தது. முதல் தடம் மருத்துவம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் நடந்த கண் சிகிச்சைகளைப் பற்றிய குறிப்புகளும் நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் அரவிந்தின் ஆரோலேப் அதை இங்கேயே தயாரித்துக் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது தடம் கல்வி. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்த வழியில் வந்த பள்ளிகள், தமிழ் பிரெய்ல், ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் உயர்ந்த பார்வையற்றோரின் தலைமுறைகள் என்று அது ஒரு நெடிய வரலாறு.

இந்த இரண்டு தடங்களுக்கும் நடுவே ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது. எழுபது வயதில், அறுவையால் மீட்க முடியாத விதத்தில், பார்வையைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் அவர்கள். ‘இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைங்க’ என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். பள்ளியும் தொழிற்பயிற்சியும் சிறியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் உரியவை. வீட்டிலோ, ஓரிடத்தில் உட்காரவைத்து வேளாவேளைக்குத் தட்டை நீட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மருத்துவர் சொன்ன அந்த வாக்கியம் நோய்க்கு மட்டும்தான் பொருந்தும். அதற்குப் பிறகு அந்த முதியவர் வாழவேண்டிய பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி இங்கேயே கிடைக்கிறது. சிதறிக் கிடப்பதால், கேட்டுப் பெறுகிற குடும்பத்துக்கு மட்டும் கிடைக்கிறது.

ஆனால் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, இழந்தது உண்மையிலேயே திரும்பாததா என்பதைத்தான். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையின்மைக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள். அதில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை. மூன்றில் இரண்டு பங்கு, சின்ன அறுவையில் தீரக்கூடியது! அரசு மருத்துவமனைகளிலும் கண் சிகிச்சை முகாம்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள். ‘வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்’ என்று பெரியவர் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. கூட்டிப் போக ஆளில்லை, செலவு வைக்க மனமில்லை, அறுவை என்றால் பயம் என்ற மூன்றையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மறைத்துத்தான் அவர்கள் பேசுவார்கள்.

மீதியுள்ளதுதான் கடினமான பகுதி. கருவிழிப் பாதிப்பு, கண்நீர் அழுத்த நோய் என்கிற கிளாக்கோமா, சர்க்கரையால் வரும் விழித்திரைச் சேதம், வயதினால் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் மாக்குலா நோய் ஆகியவை இதில் அடங்கும். கிளாக்கோமாவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கான சொட்டு மருந்து, போன பார்வையைத் திருப்பித் தருவதற்கானது அல்ல, இருப்பதைக் காப்பதற்கானது. இதை விளக்காமல் பாட்டிலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், ‘ஆறு மாசமா விடுறேன், ஒரு முன்னேற்றமும் இல்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நிறுத்தியதும் மிச்சமும் போகிறது. தானே மருந்து விட்டுக்கொள்கிற பெரியவருக்குச் சொட்டு கண்ணில் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா என்று தெரிவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடிய மருந்துதானா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குளிரவைத்து விட்டால் விழுவது உறைக்கும். பெற்றோரில் ஒருவருக்கு கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அப்பாவைக் கூட்டிப்போகிற மகனும் மகளும் அதே நாளில் தங்கள் கண்ணையும் காட்டிவிட்டு வருவது நல்லது.

‘என் கண்ணுல ஒண்ணை எடுத்து அம்மாவுக்கு வைங்க’ என்று பிள்ளைகள் கேட்பது கண் மருத்துவமனைகளில் அரிதல்ல. கண்ணப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்த அன்பு உண்மையானது. ஆனால் கண் தானத்தில் மாற்றிப் பொருத்தப்படுவது கருவிழி மட்டுமே, அதுவும் இறந்தவரிடமிருந்து பெற்றது. பார்வை நரம்போ விழித்திரையோ பழுதானவருக்கு அதனால் பயனில்லை. முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தரும் முறை இதுவரை இல்லை. இதை நேராகச் சொல்லாமல் விட்டால், ‘அறுவையில்லாமல் குணம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் அந்த அன்பும் சேமிப்பும் சேர்ந்தே போய்விடும்.

குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறொன்று. பார்வை இழப்பை விளக்கு அணைவது போலக் கற்பனை செய்கிறோம். இருந்தால் வெளிச்சம், போனால் இருட்டு. நடப்பது அப்படியல்ல. கிளாக்கோமா ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்னும். நடுவில் ஒரு குறுகிய வட்டம் கடைசிவரை தெளிவாக இருக்கக்கூடும். அந்த வட்டத்துக்குள் செய்தித்தாளை வைத்து அப்பா வாசித்துவிடுவார். எழுந்து நடந்தால் வாசற்படியில் இடறுவார், காலடியில் இருக்கும் செம்பை உதைப்பார், பக்கத்தில் வருகிற பேரன்மேல் மோதுவார். ‘பேப்பர் படிக்கத் தெரியுது, படி தெரியலையா’ என்று வீட்டில் குரல் உயரும். மாக்குலா நோய் இதற்கு நேர்மாறு. நடுப்பகுதி கலங்கிப்போய், ஓரம் மிஞ்சும். அம்மாவால் முகங்களை அடையாளம் காண முடியாது, எழுத்து வாசிக்க முடியாது. ஆனால் தரையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைக் கடைக்கண்ணால் பார்த்துக் குனிந்து எடுத்துவிடுவார், தடுக்காமல் கொல்லைக்குப் போய்வருவார். கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரித்த சம்பந்தியைக் கவனிக்காமல் நகர்ந்துவிடுவார். ‘பார்த்தும் பாராத மாதிரி போயிட்டாங்க’ என்று அது ஒரு பகையாக வளரும். கண் நன்றாக இருந்து நடிக்கிறார் என்றே உறவுகள் பேசும். அவமானத்துக்கு அஞ்சி அவர் அடுத்த விசேஷத்துக்குப் போகமாட்டார்.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு போயிருக்கிறது என்பதோடு நிற்கக் கூடாது. எந்த இடத்தில் போயிருக்கிறது, எது மிச்சம் என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், நெருங்கிய உறவுகளுக்கும் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். உறவினர்களும் அருகில் வந்ததும் ‘சித்தி, நான் காரைக்குடி மீனா’ என்று பெயர் சொல்லிப் பேசத் தொடங்குவார்கள்.

இதைவிட அதிகம் மறைக்கப்படும் ஒன்று உண்டு. பார்வை குறைந்துவரும் முதியவர்கள் சிலருக்கு, இல்லாத உருவங்கள் தெரியும். கூடத்தில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல, சுவரெல்லாம் பூ வேலைப்பாடு ஓடுவது போல, தெரியாத மனிதர்கள் பழைய கால உடையில் நடந்துபோவது போல. சத்தம் இராது, பேச்சு இராது. அவை உண்மையல்ல என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் போனே என்ற அறிஞர், பார்வை குன்றிய தம் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்தவற்றை 1760இல் எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இது இன்று அறியப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி குறைந்துபோகும்போது மூளை தானாக உருவங்களை எழுப்பிக்கொள்வதுதான் இதன் அடிப்படை. இது மனநோயல்ல. பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் குறையும். விளக்கைக் கூட்டுவது, கண்ணை வேகமாக இடமும் வலமும் அசைப்பது, எழுந்து நடப்பது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. ஆனால் நம் ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்கும்? ஒரு வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இன்னொரு வீட்டில் ‘கிழவிக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு’ என்று முடிவு கட்டுவார்கள். அதனால் அவர் சொல்வதில்லை. இரவெல்லாம் தனியாகப் பயந்துகொண்டு இருக்கிறார். பிள்ளைகள்தான் பேச்சை எடுக்க வேண்டும். ‘கண்ணு குறையும்போது இப்படி உருவம் தெரியறது சகஜமாம்மா, உனக்கு அப்படி ஏதாவது தெரியுதா’ என்று கேட்டாலே போதும். உருவம் பேசுகிறது என்றாலோ, நிஜம் என்று அவர் நம்பினாலோ வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பார்வையை மீட்க முடியாதபோது மிஞ்சியதைப் பயன்படுத்தக் கற்றுத் தருவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குறைபார்வைப் பிரிவு என்று பெயர். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற பெரிய மருத்துவமனைகளில் அது உண்டு. பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. மருத்துவர் தானாக அனுப்பவில்லையென்றால் ‘குறைபார்வைப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டும். கடைவீதியில் வாங்கிவந்த பூதக்கண்ணாடி பயன்படவில்லை என்று மூலையில் போட்டுவிட்டவர்களுக்கு இது மிக முக்கியம். எந்த அளவு உருப்பெருக்கம், கண்ணுக்கும் லென்ஸுக்கும் தாளுக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் சோதித்துச் சொல்ல வேண்டியவை. உருப்பெருக்கம் கூடக்கூட அருகில் பிடிக்க வேண்டும், தெரியும் பரப்பும் சுருங்கும். குறுகிய வட்டமே மிஞ்சிய கிளாக்கோமாக்காரருக்குப் பெரிதாக்கினால் வார்த்தையே வட்டத்துக்கு வெளியே போய்விடும். மாக்குலா நோய் உள்ளவருக்கோ, பொருளுக்குச் சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்து ஓரத்தால் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்றுவிப்பார்கள். பழகும்வரை பொறுமை வேண்டும். கண்கூச்சத்துக்கு மஞ்சள் சாயலுள்ள கண்ணாடி, வாசிக்கும் வரியை மட்டும் காட்டும்படி வெட்டிய கறுப்பு அட்டை என்று மலிவான உதவிகளும் அங்கே தெரியவரும்.

வீட்டுக்குள் செய்யவேண்டியவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம், கவனம் வேண்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் இட்லியும் வைத்தால் தெரியாது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டு கூசும். அடர்நிறத் தட்டு மாற்றினால் அன்று முதலே சாப்பாடு சிந்துவது குறையும். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை, குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு ஆகியவை விழாமல் காப்பவை. முதுமையில் இடுப்பெலும்பு முறிவது பார்வை இழப்பைவிடப் பெரிய இடி. காலை மாத்திரைப் பட்டைக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு. நாற்காலியை நகர்த்தினால் சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும். அறைக்குள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும், போகும்போதும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். போன பிறகும் நீங்கள் இருப்பதாக நினைத்து அவர் பேசிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

சாப்பாட்டில் எது எங்கே என்று தெரிந்துகொள்ள வாழையிலை நமக்கு வாய்த்த பெரும் வசதி. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த மூலையில், கூட்டும் பொரியலும் மேல்பாதியில், சோறு கீழே என்று பரிமாறும் முறை மாறாதிருந்தால் கை தானாக இடம் கண்டுகொள்ளும். தட்டிலும் அதே ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். நடத்திக் கூட்டிப்போவதிலும் ஒரு முறை உண்டு. நாம் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் நம் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வர வேண்டும். நம் உடல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவைச் சமையலறைக்குள் விடுவதா வேண்டாமா என்பது பல வீடுகளில் தீராத வழக்கு. என் கருத்து, விட வேண்டும் என்பதே. அடுப்பின் திருகில் புடைப்பான ஒட்டு ஒன்றை வைத்து, தொங்கும் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லி, முதல் சில நாட்கள் பக்கத்தில் நின்றால் ரசம் வைக்கவும் காய் நறுக்கவும் அவரால் முடியும். நாற்பது வருடம் செய்த கை அது. பாசத்தால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும்போது பார்வையோடு சேர்த்து அவருடைய இடத்தையும் எடுத்துவிடுகிறோம். முதுமையில் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவை மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்றாக லான்செட் ஆய்விதழின் குழு 2024இல் சேர்த்திருக்கிறது. பேச்சும் வேலையும் நடமாட்டமும் குறைந்து ஒடுங்குவதன் கேடு கண்ணோடு நிற்பதில்லை.

பிரெய்ல் படிக்கவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விருப்பம் இருந்தால் நல்லதே. ஆனால் சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு அது கைவருவது கடினம். காதால் வாசிப்பதே இந்த வயதுக்கு ஏற்றது. ஆண்ட்ராய்டு கைபேசியில் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக் வசதி தமிழிலும் பேசும். விரல் அசைவுகளைப் பழகப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்குப் பொத்தான் கைபேசியில் ஒரே விசையில் மகளை அழைக்கும் ஏற்பாடு போதும். டென்மார்க்கில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவரின் யோசனையில் பிறந்து 2015இல் வெளிவந்த பீ மை ஐஸ் செயலி வழியே, தெரியாத தன்னார்வலர் ஒருவர் கேமரா மூலம் பார்த்து மருந்து அட்டையைப் படித்துச் சொல்வார். ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 ஜனவரியில் வந்தது. இப்போதைய 100 ரூபாய் நோட்டில் முக்கோணமும் 500இல் வட்டமும் தடவிப் பார்க்கும்படி புடைத்திருக்கும். கசங்கிய நோட்டில் அது தேய்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பிரெய்லையே விரும்புகிறவர்களுக்குச் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

சட்டமும் சலுகையும் சான்றிதழில் தொடங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே பார்வை இருந்தாலோ பார்வைப் புலம் 10 டிகிரிக்குள் சுருங்கினாலோ பார்வையின்மை. அதற்கு மேல் 6/18 வரை, அல்லது புலம் 40 டிகிரிக்குள் என்றால் குறைபார்வை. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். ‘இந்த வயசுல ஊனம்னு எழுதி வாங்கணுமா’ என்று அப்பா மறுப்பது இயல்பு. அவசரப்படுத்தாமல், ஆனால் விட்டுவிடாமல் பேச வேண்டும். அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரின் சான்று பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியே அடையாள அட்டை வாங்கலாம். தமிழக அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய், தகுதி வரம்புகள் உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணமில்லை. சார்ந்திருக்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ள இடமிருக்கிறது. ரயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிச் சலுகை தொடர்கிறது, ஆனால் பார்வைக் குறைபாடுள்ளவர்களில் முற்றிலும் பார்வை இல்லாதவருக்கு மட்டுமே. குறைபார்வையோடு தடுமாறுகிற முதியவருக்கு அங்கே இடமில்லை. தடுமாறி விழுவது அவர்தான் அதிகம் என்பதால் இது திருத்தப்பட வேண்டியது.

வங்கியில் கையெழுத்து மாறுகிறது என்று காசோலைப் புத்தகத்தை மறுப்பது, கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வற்புறுத்துவது போன்றவை இன்னும் நடக்கின்றன. பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலை, ஏடிஎம், பெட்டக வசதிகளை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தர வேண்டும் என்று 2017இல் சொன்னது. அப்பாவின் பணம் அப்பாவின் பணமாகவே இருக்க வேண்டும். கணக்கில் என்ன இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அவருக்குப் படித்துச் சொல்லவேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு. சொத்தையும் சோற்றையும் வைத்து மிரட்டப்படும் முதியவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கின்றன.

மனத்துக்கான துணைதான் மிகக் குறைவாகக் கிடைப்பது. வாயடைத்துப்போவது, பசியில்லை என்பது, ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றை வயதின் குணம் என்று கடந்துபோகிறோம். அது பல நேரம் மருத்துவம் வேண்டிய மனச்சோர்வு. அவரைத் தேற்ற நம்மைவிடத் தகுதியானவர் ஏற்கெனவே பார்வையில்லாமல் வாழ்ந்து பழகிய இன்னொருவர்தான். பார்வை இழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா மதுரையில் 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகளில் அத்தகையோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெந்நீரை எப்படி ஊற்றுவது, வேட்டியை எப்படி மடித்து அடுக்குவது, கோபத்தை என்ன செய்வது என்று அவர்கள் பேசுவதற்கு வேறு எடை உண்டு. கவனித்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். அவர் பெரும்பாலும் மருமகள், அல்லது தானே எழுபதைக் கடந்த மனைவி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, வருடத்தில் சில வாரங்கள் வந்திருந்து அவர்களை விடுவிக்க வேண்டும்.

அரசுக்குச் செலவு அதிகமில்லாத ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டு வீடுவீடாகப் போகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகிறது. பார்வை இழந்துவரும் முதியவர் இருப்பதும் பெரும்பாலும் அதே வீடுகளில்தான். அந்தப் பணியாளர்களுக்கு முழங்கை பிடித்து நடத்தும் முறையையும், தட்டு, படி, விளக்கு மாற்றங்களையும், உருவங்கள் தெரிவது பற்றிக் கேட்கும் விதத்தையும் கற்பிக்கலாம். குறைபார்வைப் பிரிவுக்குச் சீட்டு எழுதும் அதிகாரத்தையும் தரலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பிரிவைத் திறந்து, சான்றிதழ் வழங்கும் அதே மேசையில் வீட்டுப் பயிற்சிக்கும் பெயர் பதிய வேண்டும். பயிற்சி தருபவர்களாக, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பார்வையற்ற இளைஞர்களையே அமர்த்தலாம்.